பெட்போர்ட் டீ.கே. லொறி: புதுப் பற்றரி போட்டும் ஸ்ராட்டர் சுற்றவில்லை

உப்புவெளி மகன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். என் தந்தையார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஓட்டிய, பிரித்தானியத் தயாரிப்பான பெட்போர்ட் டீ.கே. லொறி திருகோணமலைக்கு அருகிலுள்ள உப்புவெளியில் எங்கள் வளவில் தகரக் கொட்டிலின் கீழ் நிற்கிறது. நிலாவெளிப் பக்கத்து உப்பளங்களிலிருந்து உப்பும், தம்பலகாமத்து வயல்களிலிருந்து நெல்லும் ஏற்றி இறக்கிய வண்டி அது. அவர் காலமான பின் ஏழு ஆண்டுகள் அசையாமல் நின்ற அதனை மீண்டும் ஓட வைப்பதெனச் சென்ற தைப்பொங்கலோடு முடிவு செய்தேன். 330 கன அங்குல, ஆறு சிலிண்டர் டீசல் எஞ்சின். மின்சாரம் 12 வோல்ட். டீசல் தாங்கியைக் கழற்றிக் கழுவி, வடிகட்டிகளையும் எண்ணெயையும் மாற்றி, குழாய்களிலிருந்த காற்றையும் வெளியேற்றிவிட்டேன். கம்பி போட்டுச் சுற்றினால் எஞ்சின் தாராளமாகச் சுழல்கிறது.

ஸ்ராட் செய்ய முயன்றால் மட்டும் 'டக்' என ஒரு சத்தம் கேட்டு நின்றுவிடுகிறது. சில வேளை அரைச் சுற்றுச் சுற்றி அடங்கிவிடுகிறது. நகரத்துக் கராஜ் ஒன்றில் காட்டியபோது முதலில் பற்றரியை மாற்றச் சொன்னார்கள். பிறகு அதனிலும் பெரிய பற்றரி வாங்கச் சொன்னார்கள். பிறகு, எஞ்சினைச் சுழற்றிவிடும் மோட்டாரான ஸ்ராட்டருக்குப் புதிதாகக் கம்பி சுற்றினார்கள். ஒரு மின்குமிழை ஸ்ராட்டரின் முனையில் வைத்துப் பார்த்தபோது அது பளிச்சென எரிந்ததால் வயரில் குறை இல்லை என்று உறுதியாகக் கூறினார்கள். எதுவும் மாறவில்லை.

வேறு சில குறைகளும் உண்டு. முன்விளக்குகள் மஞ்சளாக மங்கி எரிகின்றன. பிரேக்கை மிதித்தால் பின்புறத்தில் இடப்பக்கச் சிக்னல் விளக்கும் சேர்ந்து மங்கலாக எரிகிறது. இதனோடு தொடர்பில்லாத இன்னொன்றையும் சொல்லி வைக்கிறேன்: எஞ்சினை நிறுத்துவதற்காக இழுக்கும் ஸ்டொப் கேபிளின் மேலுறை ஓரிடத்தில் உருகி இறுகியிருக்கிறது; சென்ற வாரம் ஸ்ராட் செய்ய முயன்ற பின் அதனைத் தொட்டபோது கை சுட்டது.

கந்தளாய்ச் சாரதி எழுதியது:

தம்பி, ஐம்பது அறுபது வருடப் பழைய வயரை வைத்துக்கொண்டு ஆராய்ச்சி செய்வது வீண் வேலை. முழுவதையும் பிடுங்கி எறிந்துவிட்டு, இந்திய லொறிகளுக்குக் கட்டாக விற்கும் புது வயரிங்கை வாங்கிப் போடுங்கள். நான் என் பழைய டாட்டாவுக்கு அப்படித்தான் செய்தேன். பற்றரிக்கு மின்னேற்றும் பழைய டைனமோவையும் கழற்றி, அதே வேலையைச் செய்யும் புதுவகை ஒல்ரனேட்டர் பூட்டிவிட்டால் ஹபரணைக் காட்டு வழியில் இரவில் நடுத்தெருவில் நிற்க வேண்டி வராது. 2020 ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்ட பிறகு பழைய லொறியைத் திருத்தி ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் அநேகர் முதலில் செய்தது புது வயரிங் போட்டதுதான்.

சீனக்குடா வயர்மேன் எழுதியது:

தம்பி, தொடர்பில்லாதது என்று நீங்கள் கடைசியில் எழுதிய அந்தக் கேபிளில்தான் உங்கள் குறை இருக்கிறது.

எஞ்சின், வண்டியின் அடிச்சட்டமான செசியில் நேரடியாக அமர்ந்திருப்பதில்லை. ரப்பர் இருக்கைகளின் மேல் இருக்கிறது. ரப்பரினூடாக மின்சாரம் பாயாது. பற்றரியின் எர்த் வயர் செசியில் பூட்டப்பட்டிருக்க, ஸ்ராட்டர் எஞ்சினில் பூட்டப்பட்டிருக்கிறது. ஆகவே ஸ்ராட்டருக்குள் போன மின்னோட்டம் பற்றரிக்குத் திரும்ப வேண்டுமானால் எஞ்சினுக்கும் செசிக்கும் இடையே தட்டையான பின்னல் செப்புப் பட்டி ஒன்று இருந்தேயாக வேண்டும். அது அறுந்தாலோ, அதன் போல்டின் கீழ் துரு அல்லது வர்ணம் புகுந்தாலோ, மின்னோட்டம் வேறு வழி தேடும். எஞ்சினையும் கபினையும் தொடுக்கின்ற உலோகமாக அகப்படுவது ஸ்டொப் கேபிள், வேகமானிக் கேபிள் போன்றவைதான். நூற்றுக்கணக்கான அம்பியர் மெல்லிய எஃகுச் சுருளினூடாகப் போக முயன்றால் அது சுடாமல் என்ன செய்யும்? இந்த நிலையில் மீண்டும் மீண்டும் ஸ்ராட் செய்யாதீர்கள். அந்தக் கேபிள் சிவந்து தீப்பற்றவும் கூடும்.

எதனையும் வாங்குவதற்கு முன் நான்கு அளவீடுகள் எடுத்துத் தாருங்கள். ஸ்டொப் கேபிளை எஞ்சின் பக்கத்திலிருந்து கழற்றிவிட்டு, எஞ்சின் பற்றிக்கொள்ளாதபடி பம்பிலுள்ள நிறுத்தும் நெம்புகோலை நிறுத்தும் நிலையில் கட்டிவிடுங்கள். மீற்றரை 20 வோல்ட் நேரோட்ட அளவில் வைத்து, ஒருவர் ஸ்ராட்டரை இயக்க, மற்றவர் வாசிக்க வேண்டும். ஒரு தடவைக்கு மூன்று விநாடிக்கு மேல் இயக்க வேண்டாம். முதலாவது, பற்றரியின் இரு ஈயக் குமிழ்களுக்கு இடையே. வயரின் பிடியில் வைக்காமல் குமிழின் மேலேயே மீற்றர் முனை பட வேண்டும். இரண்டாவது, ஸ்ராட்டரின் பெரிய முனைக்கும் ஸ்ராட்டரின் உடலுக்கும் இடையே. மூன்றாவது, எர்த் செய்யப்படாத, அதாவது செசிக்குப் போகாத, பற்றரிக் குமிழுக்கும் ஸ்ராட்டரின் பெரிய முனைக்கும் இடையே. நான்காவது, எர்த் செய்த பற்றரிக் குமிழுக்கும் ஸ்ராட்டரின் உடலுக்கும் இடையே. கடைசி இரண்டிலும் நல்ல வண்டி ஒவ்வொரு பக்கமும் அரை வோல்டுக்குள்ளேயே இழக்கும்.

எர்த் செய்த குமிழ் என்றுதான் எழுதினேன், மறைமுனை என்று எழுதவில்லை, கவனியுங்கள். 1960களின் நடுப்பகுதி வரை வந்த பிரித்தானிய வாகனங்கள் பலவற்றில் நேர்முனையே செசியில் பூட்டப்பட்டிருந்தது. உங்கள் வண்டியில் எந்த முனை செசிக்குப் போகிறது என்பதையும் எழுதுங்கள்.

கல்லூரி மாணவி எழுதியது:

நான் திருகோணமலையில் மோட்டார் தொழில்நுட்பம் படிக்கிறேன். ஒரு சந்தேகம். கராஜில் மின்குமிழ் வைத்துப் பார்த்தபோது அது பளிச்சென எரிந்ததாக உரிமையாளர் கூறுகிறார். தடை இருந்திருந்தால் குமிழ் மங்கியிருக்க வேண்டாமா? எங்கள் பயிற்சிப் பட்டறையில் இப்படிப்பட்ட வயர் ஒன்றை மீற்றரின் ஓம் அளவில் வைத்தபோதும் பூச்சியம்தான் காட்டியது.

சீனக்குடா வயர்மேன் எழுதியது:

மகள், கணக்கைப் போட்டால் விளங்கிவிடும். இப்படிப்பட்ட டீசல் எஞ்சினைச் சுற்றும்போது 12 வோல்ட் ஸ்ராட்டர் ஏறத்தாழ 400 அம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எர்த் வழியில் 0.007 ஓம் தடை இருந்தால் 400 ஐ 0.007 ஆல் பெருக்க 2.8 வோல்ட் அங்கேயே தொலைந்துபோகும். அதே தடையினூடாக 5 வாற்றுக் குமிழ் ஒன்றை எரித்தால் அது இழுப்பது 0.4 அம்பியர்தான், இழப்பு 0.003 வோல்ட். கண்ணுக்கு எந்த மங்கலும் தெரியாது. ஓம் அளவில் வைத்த சாதாரண மீற்றரும் மிகச் சிறிய மின்னோட்டத்தை அனுப்பியே அளக்கிறது; 0.007 ஓம் அதன் கடைசி இலக்கத்துக்கும் கீழே இருப்பதால் பூச்சியம் என்கிறது.

பிரட்றிக் கோட்டை வாசலை நினைத்துப் பாருங்கள். சாதாரண நாளில் கோணேசர் கோயிலுக்குப் போகும் ஒருவருக்கு அந்த வாசல் ஒடுக்கமானது என்றே தோன்றாது. சிவராத்திரி இரவில் அதே வாசலில் நின்றால்தான் அதன் அகலம் தெரியும். ஆகவே வேலை செய்யும் வேளையில், முழு மின்னோட்டமும் ஓடும்போது, வோல்டை அளக்க வேண்டும். கராஜில் ஏமாற்றினார்கள் என்று நான் சொல்லவில்லை. தவறான வேளையில் அளந்தார்கள், அவ்வளவுதான்.

கிண்ணியாப் பட்டறை எழுதியது:

வயர்மேன் ஐயா சொல்வதோடு எங்கள் பக்கத்து அனுபவத்தையும் சேர்க்கிறேன். 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் வரை எங்கள் லொறிகளெல்லாம் 'பாதை' எனப்படும் வாகன மிதவையில் ஏறித்தான் அக்கரைக்குப் போய் வந்தன. மாரியில் காற்று அடித்தால் உப்புத் தண்ணீர் செசியின் அடியெல்லாம் தெறிக்கும். அந்த வண்டிகளின் வயரை வெட்டிப் பார்த்தால் மேலுறை புதிது போலவே இருக்கும். உள்ளே செம்பு கறுத்திருக்கும். உப்பு ஈரம் முனையில் புகுந்து, இழைகளுக்கிடையே நெடுந்தூரம் ஊர்ந்து போய்விடும். அப்படிப்பட்ட வயரின் நுனியை மட்டும் சுரண்டிப் புது முனை போட்டுப் பயனில்லை. பளபளக்கும் செம்பு தெரியும் வரை அங்குலம் அங்குலமாக வெட்டிக்கொண்டு போக வேண்டும். அரை முழம் வெட்டியும் கறுப்பாகவே இருந்தால் அந்த வயரை அடியோடு மாற்றிவிட வேண்டும்.

உப்புவெளி என்ற ஊர்ப் பெயரிலேயே உப்பு இருக்கிறதே, உங்கள் வண்டி வேறு உப்பு ஏற்றிய வண்டி! புது வயர் போடும் இடங்களில் மீன்பிடிப் படகுகளுக்குப் போடும் ஈயம் பூசிய செப்பு வயரை வாங்குங்கள். விலை கூடத்தான், ஆனால் கறுக்காது. முனைகளை ஈயம் வைத்துப் பற்றவைக்காதீர்கள் என்பதும் என் கருத்து. பற்றவைத்த இடத்தில் வயர் விறைத்துப்போக, லொறியின் அதிர்வில் அந்த விறைப்பு முடியும் இடத்திலேயே ஒடிகிறது. நல்ல கருவியால் அழுத்திப் பூட்டி, உள்ளே பசையுள்ள சுருங்கு குழாயைச் சூடாக்கி மூடினால் போதும்.

சீனக்குடா வயர்மேன் எழுதியது:

பற்றவைப்பது பற்றிக் கிண்ணியா நானாவோடு முழுதாக உடன்பட மாட்டேன். அழுத்திப் பூட்டிய பின், முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் வயரைக் கிளிப் போட்டு இறுக்கிவிட்டால் ஈயம் வைத்ததும் நெடுங்காலம் நிற்கும்; என் கையால் செய்தவை நின்றிருக்கின்றன. ஆனால் நல்ல அழுத்து கருவி கையிலிருப்பவர் ஈயத்தைத் தேட வேண்டியதில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

உப்புவெளி மகன் எழுதியது:

ஐயா, நீங்கள் கேட்ட அளவீடுகளை நேற்று மாலை எடுத்தோம். தங்கை சாவியைத் திருப்ப, நான் கீழே படுத்து வாசித்தேன். சும்மா நிற்கும்போது பற்றரி 12.6 வோல்ட். ஸ்ராட்டர் இயங்கும்போது பற்றரிக் குமிழ்களுக்கிடையே 10.9. ஸ்ராட்டரில் 7.6. எர்த் அல்லாத பக்கத்தில் இழப்பு 0.4. எர்த் பக்கத்தில் இழப்பு 2.9. செசிக்குப் போவது மறைமுனை.

எஞ்சினுக்கும் செசிக்கும் இடையிலான பட்டியைத் தேடினேன். டீ.கே. வண்டியில் எஞ்சின் ஆசனங்களுக்குப் பின்னால் இருப்பதால், கதவுக்குப் பின்னாலுள்ள பக்கவாட்டு மூடியைத் திறந்தே பார்க்க வேண்டும். கியர்ப் பெட்டியின் அருகில் பட்டி இருந்த போல்ட் துளை மட்டும் இருக்கிறது, பட்டியைக் காணவில்லை. கடைசியாகக் கிளச் தட்டு மாற்றியபோது கழற்றியவர்கள் திருப்பிப் பூட்ட மறந்திருக்க வேண்டும். இப்போதுதான் ஒன்று விளங்குகிறது: அப்பா கடைசி ஆண்டுகளில் எங்கே போனாலும் லொறியைச் சரிவில்தான் நிறுத்துவார். உவர்மலை இறக்கத்தில் உருள விட்டு, இரண்டாம் கியரில் கிளச்சை விட்டு, ஸ்ராட்டர் இல்லாமலே எஞ்சினைப் பிடிக்க வைப்பது அவருடைய பழக்கம் என்று நாங்கள் எண்ணியிருந்தோம்.

சீனக்குடா வயர்மேன் எழுதியது:

10.9 இலிருந்து 0.4 ஐயும் 2.9 ஐயும் கழித்தால் 7.6 வருகிறது, உங்கள் அளவீடுகள் ஒன்றோடொன்று பொருந்துகின்றன, தங்கைக்கும் பாராட்டு. பற்றரி நல்லது. ஸ்ராட்டரும் அநேகமாக முன்பிருந்தே நல்லதாக இருந்திருக்கும்.

பற்றரியிலிருந்து வரும் பெரிய வயர் எவ்வளவு தடிப்போ, அதற்குக் குறையாத தடிப்பில் பட்டியைப் போடுங்கள். செசியில் பூட்டும் இடத்தில் வர்ணத்தையும் துருவையும் வெள்ளி போல் மின்னும் வரை அரத்தால் தேய்த்து, பல்லுள்ள வொஷர் வைத்து இறுக்கி, இறுக்கிய பிறகே கிறீஸ் பூசுங்கள். முதலில் கிறீஸ் பூசிவிட்டு இறுக்குவோரும் உண்டு. ஈரம் புகாமல் காப்பதற்கு வெளிப்பூச்சே போதும். பற்றரியின் எர்த் வயர் செசியில் சேரும் இடத்தையும், கபினுக்கும் செசிக்கும் இடையிலான சிறிய எர்த் வயரையும் இதேபோலச் செய்யுங்கள். கபினும் ரப்பரின் மேல்தான் இருக்கிறது.

பிரேக் மிதித்தால் சிக்னல் எரிவதும் இதன் இன்னொரு முகமே. உங்கள் வண்டியின் பின்பெட்டி பலகையால் ஆனதுதானே? பின்விளக்குகள் பலகையோடு சேர்ந்த துருப்பிடித்த இரும்புச் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கும். விளக்குக் கூட்டின் எர்த் அறுந்தால், பிரேக் குமிழுக்கு வந்த மின்னோட்டம் அதே கூட்டிலுள்ள சிக்னல் குமிழினூடாகப் பின்னோக்கி ஓடி, முன்பக்கச் சிக்னல் குமிழின் வழியாக எர்த்தைப் பிடிக்கும். இரண்டு மூன்று குமிழ்கள் தொடராக எரிவதால் எல்லாமே மங்கும். இரும்புச் சட்டத்தை நம்பாமல், ஒவ்வொரு பின்விளக்கிலிருந்தும் தனிக் கறுப்பு வயரைச் செசி வரை இழுத்துவிடுங்கள்.

பழைய வயரிங் முழுவதையும் பிடுங்குவதற்கு நான் உடன்படவில்லை. பிரித்தானிய வாகனங்களில் பரவலாக வழங்கிய நிற ஒழுங்கில் கபிலம் பற்றரியிலிருந்து நேரே வருவது, வெள்ளை சாவி திறந்த பின் வருவது, பச்சை அதன்பின் பியூஸ் கடந்து போவது, நீலம் முன்விளக்கு, சிவப்பு பக்க விளக்கும் பின்விளக்கும், கறுப்பு எர்த். உங்கள் வண்டியின் வயர்க் கட்டை ஓரிடத்தில் திறந்து இதனோடு ஒத்துப்பாருங்கள். ஒத்துப்போனால் ஐம்பது ஆண்டு கழித்தும் எந்த வயர் எங்கே போகிறது என்று வண்டியே உங்களுக்குச் சொல்லும். வேறு வண்டியின் வயர்க் கட்டைப் போட்டால் அந்த மொழி அழிந்துவிடும். அடுத்த குறை வரும்போது இருட்டில் தடவ வேண்டியதுதான். கறுத்த வயரை அதே நிறத்தில், ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

கந்தளாய்ச் சாரதி எழுதியது:

எர்த் விடயத்தில் நான் அவசரப்பட்டுவிட்டேன், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் டைனமோ பற்றிய என் கருத்து மாறவில்லை. முன்விளக்கு இரண்டும் 10 அம்பியர், பின்விளக்கும் பக்க விளக்கும் துடைப்பானும் சேர்த்து இன்னும் ஐந்தாறு. மார்கழி மழையில், நிரை நிரையாக வாகனங்கள் நிற்கும் இடத்தில் எஞ்சின் மெதுவாக ஓடும்போது டைனமோ எதுவுமே தருவதில்லை. பற்றரியிலிருந்துதான் எல்லாம் போகும்.

சீனக்குடா வயர்மேன் எழுதியது:

அதில் சாரதி சொல்வது சரி. தொழில் செய்யும் லொறிக்கு நானும் ஒல்ரனேட்டரைத்தான் சொல்வேன். இந்த வண்டி மீண்டும் தொழிலுக்குப் போகுமா, அல்லது அப்பாவின் நினைவாக மாதம் இருமுறை நிலாவெளி வரை போய் வருமா என்பதைத் தம்பிதான் தீர்மானிக்க வேண்டும்.

டைனமோவை வைத்திருப்பதானால் முதலில் அதனைச் சோதியுங்கள். டி (D), எஃப் (F) என்ற இரு முனைகளிலிருந்தும் வயரைக் கழற்றி, அவ்விரு முனைகளையும் சிறு துண்டு வயரால் இணைத்து, மீற்றரை அங்கிருந்து டைனமோவின் உடலுக்கு வையுங்கள். எஞ்சின் வேகத்தை மெல்ல உயர்த்தினால் வோல்ட் தடுமாறாமல் விரைவாக ஏற வேண்டும். 20 ஐத் தாண்ட விடாமல் நிறுத்திவிடுங்கள். ஏறினால் டைனமோ நல்லது, மின்னேற்றத்தில் குறை இருந்தால் அது டைனமோவைக் கட்டுப்படுத்தும் கட்டவுட் பெட்டியில். அந்தப் பெட்டியின் தொடுமுனைகளை மெல்லிய உப்புத்தாளால் தேய்க்கலாம். விற்கம்பித் திருகுகளைத் தெரியாமல் திருகாதீர்கள்.

ஒல்ரனேட்டர் போடுவதானால் மூன்று கவனங்கள். எர்த் மறைமுனையாக இருக்க வேண்டும். உங்கள் வண்டியில் அப்படியே இருக்கிறது, ஆனால் பற்றரியை ஒருநாள் மாற்றிப் பூட்டினாலும் உள்ளிருக்கும் டயோடுகள் கணத்தில் எரிந்துவிடும். மின்னோட்டத்தைக் காட்டும் பழைய அம்மீற்றர் 30 அம்பியருக்குரியது எனில், புது மின்னோட்டம் முழுவதையும் அதனூடாக விடாமல், தடித்த வயரொன்றைத் தனியாகப் பற்றரிக்கு இழுங்கள். பற்றரிச் சிவப்பு எச்சரிக்கை விளக்கை வேண்டாமென்று விட்டுவிடாதீர்கள். அந்தக் குமிழினூடாக வரும் சிறு மின்னோட்டமே ஒல்ரனேட்டரை முதலில் விழிக்கச் செய்கிறது.

முன்விளக்கு மங்குவதற்கு டைனமோவைக் குறை சொல்லாதீர்கள். பற்றரியிலிருந்து சுவிட்ச், டிம் சுவிட்ச் கடந்து விளக்கு வரை எட்டு மீற்றர் வயர் என்றும், அது 1.5 சதுர மில்லிமீற்றர் என்றும் கொண்டால், 10 அம்பியரில் வயரிலேயே ஏறத்தாழ 0.9 வோல்ட் போய்விடும். தேய்ந்த சுவிட்சுகள் இன்னும் கொஞ்சம் தின்னும். வோல்ட் பத்து வீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறத்தாழ முப்பது வீதம் குறையும். விளக்குகளுக்கு அருகில், சிறு மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்சுகளான ரிலேக்கள் இரண்டை மறைவாகப் பூட்டி, பியூஸ் வைத்த தடித்த வயரால் பற்றரியிலிருந்து நேரே ஊட்டுங்கள். பழைய சுவிட்ச் ரிலேயை இயக்கினால் போதும். கபினுக்குள் எதுவும் மாறியதாகத் தெரியாது.

கிண்ணியாப் பட்டறை எழுதியது:

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் தெருவில் இறக்கிவிடாதீர்கள், தம்பி. ஏழு ஆண்டுகள் நின்ற வண்டியில் சக்கரங்களுக்குள் இருக்கும் பிரேக் சிலிண்டர்கள் இறுகியிருக்கும். ரப்பர்களும் பிரேக் எண்ணெயும் பழுதாகியிருக்கும். நான்கு சக்கரங்களின் டிரம்களையும் கழற்றிப் பார்த்த பின்பே வளவை விட்டு வெளியே வர வேண்டும்.

உப்புவெளி மகன் எழுதியது:

பட்டி போட்டாயிற்று. செசியில் தேய்த்தபோது மூன்று நிற வர்ணம், ஒன்றின் மேல் ஒன்றாக வந்தது. இப்போது எர்த் பக்கத்து இழப்பு 0.3 வோல்ட், ஸ்ராட்டரில் 9.8 வருகிறது. நெம்புகோலை அவிழ்த்துவிட்டுச் சாவியைத் திருப்பியதும் நான்காவது சுற்றில் எஞ்சின் பிடித்தது. கொட்டில் முழுவதும் வெள்ளைப் புகை. அம்மா குசினியிலிருந்து ஓடி வந்து, ஒன்றும் பேசாமல் மூடியின் அருகில் நின்றார்.

டைனமோவைச் சோதித்தேன், வோல்ட் தடுமாறாமல் ஏறுகிறது. ஆகவே அதனையே வைத்திருக்கப் போகிறேன். முன்விளக்குக்கு மட்டும் ரிலே. பின்விளக்குகளுக்குத் தனி எர்த் போட்ட பின்னும் வலப்பக்கத்தில் மட்டும் ஒரு கோளாறு மிஞ்சியது: பிரேக் விளக்கு மங்கலாகவும் பின்விளக்கு கடும் வெளிச்சமாகவும் எரிந்தன. குமிழைக் கழற்றிப் பார்த்தபோது, 21 வாற்றும் 5 வாற்றும் உள்ள இரட்டை இழைக் குமிழ் அது. அதன் இரு பக்க முளைகளும் ஒரே உயரத்தில் இருப்பதில்லை. ஒரு வழியாகத்தான் கூட்டுக்குள் இறங்க வேண்டும். யாரோ ஒரு முளையை அரத்தால் தேய்த்துத் தலைகீழாகத் திருகியிருக்கிறார்கள். புதுக் குமிழ் வாங்கிவிட்டேன். பிரேக் டிரம்களைக் கழற்றும் வேலை நாளை தொடங்குகிறது.